மடியில் பீடிச் சொளவு இருந்த வீட்டுப் பிள்ளைக்கு நட்பும் காதலும் எதைச் சரிசெய்யும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 27. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். இவருக்கு நான்கு வயதாகும்போது அப்பாவும் அம்மாவும் அண்ணனை மட்டும் கூட்டிக்கொண்டு மும்பைக்குப் போய்ப் பலசரக்குக் கடை போட்டார்கள். இவரை வளர்த்தது அம்மாவைப் பெற்ற ஆச்சி. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்து படித்துவிட்டு இப்போது திருநெல்வேலியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். ஆச்சி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அறையில் கூட இருக்கும் தோழி ஒருத்தி, கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று கேட்கும் ஒருவர். இரண்டு பேருமே நல்லவர்கள் என்று அவரே சொல்கிறார். "யாராவது பிரியமா இருந்தா பயமா இருக்கு, எங்கயாவது ஓடிரணும்போல இருக்கு. முதல்ல நான் சரியாகிட்டு அப்புறம் காதலிக்கணுமா? இல்ல, காதலிச்சா சரியாயிருமா?"

இரண்டும் இல்லை. "முதலில் உன்னை நீ நேசி" என்று காலை வணக்கத்தோடு சுற்றிவரும் வாசகங்களை நான் மதிப்பதே இல்லை. பக்கத்தில் ஆள் இல்லாததால் வந்த காயம், தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆறாது. அதற்காக மொத்தப் பாரத்தையும் காதலிக்கிறவர் தலையில் ஏற்றினால் அவராலும் தாங்க முடியாது. உங்கள் கடிதத்தைப் படித்தவரை என் யோசனை: முதலில் தோழி, கூடவே ஆச்சி, அதற்குப் பிறகு அவர். ஏன் இந்த வரிசை என்று சொல்கிறேன்.

"எனக்குக் கொடுமைன்னு ஒண்ணும் நடக்கலையே, சோத்துக்கும் துணிக்கும் குறை இல்லையே" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தில், உங்களுக்கே தெரியாமல், பதிலையும் எழுதியிருக்கிறீர்கள். பொங்கலுக்கு மும்பையிலிருந்து வரும் கவுன் ஒவ்வொரு தடவையும் போன வருஷத்து அளவில் இருக்கும் என்கிறீர்கள். வாங்கியவர்களுக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் மனதில் இருந்தது ஒரு வருஷத்துக்கு முந்தைய பிள்ளை. இன்னொன்று, ஆச்சி மடியில் எப்போதும் பீடிச் சொளவு, அதாவது பீடி சுற்றும் முறம், இருந்தது என்பது. நம் பக்கத்துப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆயிரம் பீடி சுற்றி முடித்துக் கடையில் கொடுத்தால்தான் கூலி. இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சொளவு இருக்கும் மடியில் பிள்ளை படுக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக் கொடுக்கலாம். நீங்கள் அதைத்தான் செய்தீர்கள். ஆச்சியின் பிரியத்தில் குறை காணவில்லை, அந்தக் கூலியில்தான் உங்கள் பள்ளிக்கூடப் பையே வந்தது. ஆனால் ஐந்து வயதில் அந்தத் திண்ணையில் நீங்கள் படித்த பாடம் ஒன்று உண்டு: உபயோகமாக இருந்தால் பக்கத்தில் உட்காரலாம்.

1970-களில் எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு எளிய சோதனை செய்தார். தாய் கைக்குழந்தையோடு சிரித்து விளையாடுகிறாள். பிறகு சில நிமிஷங்களுக்கு முகத்தை அசைக்காமல் வெறுமனே பார்க்கிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும். ஒன்றும் நடக்கவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அடி இல்லை, திட்டு இல்லை, பசி இல்லை, அப்படியும் இது நடக்கிறது. தாய் மறுபடி சிரித்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்த மறுபடி வராத பிள்ளைகள்தான் கேட்பதையே நிறுத்திவிடுகிறார்கள். ஊர் அவர்களை "தொந்தரவே தராத பிள்ளை" என்று மெச்சும். வகுப்பில் முதல் வரிசையில் உட்காருவார்கள், ஹாஸ்டலில் ஒரு புகார் வராது. ஆராய்ச்சிக்காரர்களுக்கே இது தாமதமாகத்தான் பிடிபட்டது. சிறுவயதுப் பாதிப்புகளைப் பற்றி அமெரிக்காவில் 1998-ல் வெளியான பெரிய ஆய்வில் அடி, வசவு, பாலியல் கொடுமை, வீட்டில் குடி எல்லாம் இருந்தன. கவனிப்பின்மை பிற்பாடுதான் பட்டியலில் சேர்ந்தது. நடந்ததைக் கேட்டு எழுதுவது எளிது, நடக்காததை யார் எழுதுவார்கள்?

இந்த மாதிரி விஷயங்களைத் தேடிப் படிக்கிறவர்கள் சீக்கிரமே புக்கரெஸ்ட் ஆய்வில் போய் நிற்பார்கள். நீங்களும் நின்றிருக்கிறீர்கள். 2000-ல் தொடங்கியது. ருமேனியாவின் காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். இரண்டு வயதுக்குள் குடும்பம் கிடைத்த பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். "அப்ப எனக்கு முடிஞ்சு போச்சா" என்று கேட்கிறீர்கள். இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நிலையான ஒரு முகமே கிடையாது. உங்களுக்கு ஆச்சி இருந்தார்கள், இரவில் பக்கத்தில் படுத்தார்கள், காய்ச்சலென்றால் சுக்கு தட்டினார்கள். அதைவிட உங்களுக்கு ஒத்துவருவது மேரி மெயின் என்பவரின் வேலை. பெரியவர்களை உட்காரவைத்து அவர்களுடைய சிறுவயதைச் சொல்லச் சொன்னார். மோசமான சிறுவயது இருந்தும் அதைப் பூசி மெழுகாமல், அதிலேயே மூழ்கியும் போகாமல் கோவையாகச் சொல்லத் தெரிந்தவர்கள் தங்கள் பிள்ளைகளோடு நல்ல பிணைப்போடு இருந்தார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லிக் கோவையாக்க, கேட்கிற காது ஒன்று வேண்டும். பல பேருக்கு அது ஒரு டீச்சராகவோ கூட்டாளியாகவோ துணைவராகவோ இருக்கிறது.

இனி தோழி. காய்ச்சலில் கிடந்தபோது அவள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், மறுநாளே வண்ணார்பேட்டையில் போய் அவளுக்குச் சுடிதார் எடுத்துக் கொடுத்தீர்கள். அவள் முகம் ஏன் வாடியது என்று உங்களுக்குப் புரியவில்லை. கணக்கு எழுதுகிறவர், அதுவும் கடைக்காரர் மகள், உங்களிடம் இப்படிச் சொன்னால் புரியும்: அண்ணாச்சி கடையில் பற்று நோட்டு வைத்திருக்கிறவர்தான் தினமும் வருவார். அன்றன்றைக்குப் பைசா பாக்கியில்லாமல் தீர்த்துவிட்டுப் போகிறவர் நாளைக்கு எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் போகலாம். கஞ்சிக்குச் சுடிதார் கொடுத்தபோது, கணக்கை முடித்துவிட்டேன், இனி நீ வரவேண்டியதில்லை என்றுதான் அவளுக்குக் கேட்டிருக்கும்.

ஆகவே முதல் வேலை, பாக்கி வைக்கப் பழகுவது. பெரிதாக ஒன்றும் வேண்டாம். "வரும்போது எனக்கும் ஒரு டீ வாங்கிட்டு வாட்டி" என்று கேளுங்கள். காசை உடனே நீட்டாதீர்கள். நெஞ்சு அடிக்கும், கை பர்ஸுக்குப் போகும், போகட்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் துணி துவைக்கும்போது நீங்கள் எழுந்து அலசப் போகாமல் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் என்னிடம் வந்தவர்களில் இதைச் செய்வதுதான் அழுவதைவிடக் கஷ்டம் என்று சொல்லாதவர்கள் குறைவு. வேலை ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் இருந்தும் தன்னை விரட்டவில்லை என்பதை உடம்பு நம்புவதற்குப் பல தடவை ஆகும். ஒரே ஒரு உருக்கமான இரவில் நடந்துவிடாது.

நட்பை ஏன் காதலுக்கு முன்னால் வைக்கிறேன் என்றால், நட்பில் பணயம் குறைவு. தோழி ஒரு நாள் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் உங்கள் எதிர்காலமே போய்விட்டது என்று தோன்றாது. மறுநாள் "நேத்து என்னட்டி ஆச்சு" என்று கேட்டால் அவளும் ஏதோ ஆபீஸ் எரிச்சலைச் சொல்வாள், முடிந்தது. சண்டை வந்து மறுபடி சேர்வதை இப்படிச் சின்ன அளவில் பல தடவை பார்த்தவர்களுக்குக் காதலில் வரும் சண்டை உலகம் முடிவதாகத் தெரியாது. நம் ஊரில் பெண்களின் நட்பைக் கல்யாணம் வரைக்கும்தான் என்று அசட்டையாகப் பார்ப்பார்கள். நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள்.

ஆச்சி விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் மிகக் குறைவாக எழுதியிருப்பது இதைப் பற்றித்தான். துட்டி வீட்டில் வந்தவர்கள் எல்லாம் மும்பையிலிருந்து வந்து இறங்கிய அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். உங்களை வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். பேத்தி என்ற முறைக்கு, நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வந்ததோடு சரி. அத்தனை வருஷம் கூடவே இருந்தவருக்குப் பேத்தியின் இடம், வருஷத்துக்கு ஒரு தடவை வந்தவருக்கு மகளின் இடம். சடங்கு முறையைத்தான் பார்க்கும், வளர்த்த கணக்கைப் பார்க்காது. அழ உரிமை கிடைக்காத இப்படிப்பட்ட துக்கத்தைப் பற்றி கென்னத் டோக்கா என்ற அமெரிக்கர் 1989-ல் தனியாக ஒரு புத்தகமே கொண்டுவந்தார். பிணைப்பு பற்றிய கோட்பாட்டை உருவாக்கிய ஜான் பௌல்பிக்கே இப்படி ஓர் இழப்பு உண்டு. அவரை வளர்த்த தாதி, அவருக்கு நான்கு வயது வாக்கில் வேலையை விட்டுப் போய்விட்டாள். தாயை இழந்ததைப் போல இருந்தது என்று பின்னாளில் சொன்னார். அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் அதைத் துக்கமாகக் கருதியிருக்க மாட்டார்கள்.

ஆச்சியின் சாவு உங்களுக்கு இரட்டைச் சாவு. ஆச்சி இருந்தவரை அப்பா அம்மா விட்டுப்போனதை நினைக்க வேண்டிய அவசியம் வரவில்லை. ஆச்சி போனதும் பழையது எழுந்து வந்துவிட்டது. உயிரோடு, போனில் பேசக்கூடிய தூரத்தில் இருப்பவர்களுக்காகத் துக்கப்படுவது மிகக் குழப்பமான துக்கம். பந்தல் கிடையாது, பதினாறாம் நாள் கிடையாது. வியட்நாம் போரில் காணாமல்போன படைவீரர்களின் குடும்பங்களைப் பார்த்து பாலின் பாஸ் என்பவர் இப்படி முடிவில்லாத இழப்புகளைப் பற்றி எழுதினார். போரே வேண்டாம், ஒரு மும்பை ரயில் போதும் என்று நம் ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

என்ன செய்யலாம்? துக்கம் படிப்படியாக ஐந்து நிலைகளில் இறங்கிப் போகும் என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். எலிசபெத் குப்ளர்-ராஸ் 1969-ல் அந்த ஐந்தைச் சொன்னது சாகப்போகிற நோயாளிகளை வைத்து. இழந்தவர்கள் விஷயத்தில் 1999-ல் ஸ்ட்ரோப், ஷூட் என்ற இருவர் சொன்னதே எனக்கு நடப்பில் பொருந்தித் தெரிகிறது: மனம் கொஞ்ச நேரம் இழப்பைப் பார்க்கும், கொஞ்ச நேரம் அன்றாட வேலையைப் பார்க்கும், மாறி மாறிப் போய்வரும். நீங்கள் இரண்டு வருஷமாக வேலைப் பக்கமே நிற்கிறீர்கள். இந்தப் பக்கமும் வந்துபோக வேண்டும்.

அதற்கு என் யோசனை உளுந்தங்களி. நீங்கள் பெரிய மனுஷி ஆனபோது ஆச்சி பீடியை ஒதுக்கி வைத்துவிட்டுத் தினமும் கிண்டிக் கொடுத்தார்கள் என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்களில் மடியில் சொளவு இல்லை. ஒரு விடுமுறை நாளில் தோழியை வைத்துக்கொண்டு கிண்டுங்கள். தோல் உளுந்தும் கொஞ்சம் பச்சரிசியும் வறுத்துத் திரித்த மாவு, கருப்பட்டிப் பாகு, நடுவில் குழி பண்ணி நல்லெண்ணெய். கட்டி விழும், ஆச்சி கை வராது. கிண்டிக்கொண்டே ஆச்சியைப் பற்றிச் சொல்லுங்கள். நல்லதை மட்டும் சொல்ல வேண்டாம். "என் பக்கம் திரும்பிப் பாக்கவே அவுகளுக்கு நேரம் இல்லட்டி" என்பதையும் சொல்லலாம். செத்தவர்களைக் குறை சொன்னால் பாவம் என்ற பயத்தில்தான் பல பேருக்குத் துக்கம் உறைந்து நிற்கிறது. ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போகிற கூட்டத்தோடு நீங்களும் போகலாம், எள்ளும் தண்ணீரும் இறைக்க முறை இல்லை என்றால் முங்கி எழுந்து வாருங்கள். தாமிரபரணி யாரிடமும் முறை கேட்பதில்லை.

இப்போது அவர். காதலும் குழந்தைப் பருவப் பிணைப்பும் ஒரே இயந்திரத்தில் ஓடுகின்றன என்பதை ஹாசன், ஷேவர் என்ற இருவர் 1987-ல் சொன்னார்கள். அதற்கு அவர்கள் செய்தது அமெரிக்காவில் ஓர் உள்ளூர் நாளிதழில் காதலைப் பற்றிக் கேள்வித்தாள் போட்டு வாசகர்களிடம் பதில் வாங்கியது. நம் வார இதழ்காரர்களுக்கு இந்த யோசனை பிடித்திருக்கும். நெருங்கினால் பயப்படுகிறவர்கள், விலகினால் பதறுகிறவர்கள், இரண்டும் இல்லாதவர்கள் என்று மூன்று வகை கிடைத்தது. நீங்கள் நட்பில் முதல் வகை, காதலில் இரண்டாவது வகை. லோடு இறக்கும் நாளில் அவர் அரை நாள் போன் எடுக்கவில்லை என்றால் நீங்கள் ஒன்றும் சொல்வதில்லை, அவராகக் கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்கிறீர்கள். கண்டுபிடிக்காவிட்டால் மூன்று நாள் பேச்சு கிடையாது. கேட்காமலே புரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை கைக்குழந்தைக்கு நியாயம். அன்றைக்கு உங்களுக்கு அது கிடைக்காமல் போனதும் நியாயம் இல்லை. ஆனால் அந்தப் பாக்கியை வசூலிக்க இவர் சரியான ஆள் அல்ல. "நீ அன்னைக்குப் போன் எடுக்காம இருந்தது எனக்குப் பழசைக் கிளப்பி விட்டுட்டு. கோவம் முழுக்க உன் மேல இல்ல. அடுத்த தடவை 'லோடு இருக்கு'ன்னு ஒரு வரி போடு" என்று சொல்லிப் பாருங்கள். சொன்னபிறகு அவர் அந்த ஒரு வரியைப் போடுகிறாரா என்பதைப் பார்ப்பதுதான் சரியான பரீட்சை.

நல்ல துணை உடம்புக்கே ஆறுதல் என்பது உண்மைதான். 2006-ல் ஜேம்ஸ் கோன் குழுவினர் 16 மணமான பெண்களை மூளை ஸ்கேனில் படுக்கவைத்து, லேசான மின்அதிர்ச்சி வரலாம் என்று சொன்னார்கள். கணவன் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் பயம் தணிந்தது. முன்பின் தெரியாதவர் கைக்குப் பலன் குறைவு. தாம்பத்தியம் நன்றாக இருந்தவர்களுக்குப் பலன் அதிகம். கை கிடைத்தால் போதாது, எந்தக் கை என்பது இருக்கிறது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கவனிப்பே இல்லாமல் வளர்ந்தவர்களுக்குக் கண்காணிப்பு கவனிப்பாகத் தெரியும். "எங்க இருக்க, யார்கூட இருக்க, போட்டோ அனுப்பு" என்று ஒருவன் கேட்டால், அப்பாடா, என்னைத் தேட ஓர் ஆள் இருக்கிறது என்று மனசு பொங்கும். அடையாளம் கண்டுபிடிப்பது கடினமில்லை. அவர் வந்த பிறகு உங்கள் தோழியோடு செலவிடும் நேரத்துக்கு அவர் முகம் சுளிக்கிறாரா? சுளித்தால் யோசியுங்கள். உங்கள் கடிதத்தில் இருப்பவர் தோழியின் பிறந்தநாளை உங்களுக்கு ஞாபகப்படுத்தியவர், அதனால் எனக்கு அவர்மேல் நல்ல எண்ணம்தான்.

அவர் "வேற ஆளுக", அதாவது வேறு சாதி, என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயத்தைச் சிறுவயதுக் காயத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள். நம் மாவட்டத்தில் அது நிஜமான பயம். இருபது வருஷம் எட்டிப் பார்க்காத குடும்பம் கல்யாணம் என்றதும் முழு உரிமையோடு வந்து நிற்கும், எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு மாவட்டத்திலும் இப்படிப்பட்ட தம்பதிகளுக்காகத் தனிப்பிரிவு அமைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது, பாதுகாப்பான தங்குமிடம் அமைப்பதையும் பரிசீலிக்கச் சொன்னது. அந்தத் தனிப்பிரிவில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் இருப்பார்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்வதானால் 30 நாள் முன்னறிவிப்பு அலுவலகத்தில் ஒட்டப்படும், யாரும் பார்க்கலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவெடுக்கும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். இதில் அவசரமும் கூடாது, காதலே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற மிதப்பும் கூடாது.

அப்பா அம்மாவிடம் கேட்டுவிடலாமா என்கிறீர்கள். கேட்கலாம், மன்னிப்பு வரும் என்று எதிர்பார்க்காமல் கேட்க முடிந்தால். "உனக்காகத்தானே கடையில கிடந்து சீரழிஞ்சோம்" என்பதுதான் அநேகமாக வரும் பதில். அது பொய்யும் அல்ல. அந்தப் பதிலைக் கேட்ட ராத்திரி நீங்கள் யாரிடம் போய் உட்காருவீர்கள் என்பதை முடிவு செய்துகொண்டு பிறகு போன் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. தூக்கம் கெட்டிருக்கிறது, ஆச்சி இருந்த அறைக்குள் இன்னும் போகவில்லை, சில நாள் வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்கிறீர்கள். ஏக்கம் ஆறு மாதத்துக்கு மேலும் தணியாமல் அன்றாட வாழ்க்கையையே முடக்கினால் அதை நீடித்த துக்கக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இப்போது சொல்கிறது. அதற்கென்று சிகிச்சை இருக்கிறது. இதற்குத் தோழியும் காதலரும் மட்டும் போதாது. ராத்திரியில் அந்த எண்ணம் வந்தால் 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் டெலிமானஸ் எண், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பகலில் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போனால் ஊர் என்ன சொல்லும் என்ற கவலை வேண்டாம், அந்த வளாகத்துக்குள் யார் எந்தப் பிரிவுக்குப் போகிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. தோழியைக் கூட வரச் சொல்லிக் கேளுங்கள், அவள் அன்றைக்கு அரை நாள் லீவு போட வேண்டியிருக்கும், போடட்டும். ஓபி சீட்டுக்கு வரிசை நீளம், காலையிலேயே போய்விடுங்கள்.